மண்ணைக் காக்க யார் செலவு?

1934 மே மாதம் அமெரிக்கச் சமவெளியில் எழுந்த புழுதி வாஷிங்டனையும் நியூயார்க்கையும் கடந்து, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மீதும் படிந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, ஓக்லஹோமாவிலும் டெக்சஸின் வடமுனையிலும் பிற்பகலே நள்ளிரவாயிற்று. புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார்கள், மழை பொய்த்தது, பிடித்து நிறுத்த வேரில்லாத மண் காற்றோடு போயிற்று. அடுத்த இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 27 அன்று, மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, வேளாண் துறைக்குள் மண் பாதுகாப்புப் பணி அமைப்பு உருவானது. அதன் தலைவர் ஹ்யூ ஹம்மண்ட் பென்னெட். வட கரோலினாவின் ஆன்சன் மாவட்டத்துக்காரர், மண் அளவையாளர். மண்ணரிப்பு நாட்டுக்கே வந்த கேடு என்று 1928இலேயே அறிக்கை எழுதியவர். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. புழுதி தலைநகரின் வாசலுக்கு வந்த பிறகுதான் அவர் சொல் எடுபட்டது.

நிலமோ தனியாருடையது. அதில் எப்படி உழ வேண்டும், எத்தனை மாடு மேய்க்கலாம் என்று நடுவண் அரசு உத்தரவு போட முடியாது. ஆகவே செலவில் பங்கு தந்து இணங்கச் செய்வதே வழி என்றாயிற்று. இந்த வழியின் முதல் பெரிய சோதனைக்களம் விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கு. செங்குத்தான குன்றுகளுக்கிடையே பால்பண்ணைகள் நிறைந்த இடம் அது. மண் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பே, 1933இல், அரசு அங்குள்ள உழவர்களோடு ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி, அரசு திரட்டிய இளைஞர் படையின் உடலுழைப்பு ஆகியவை அரசின் பங்கு. சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் பயிரிடுவதும், மாடுகளை மரச்சரிவுகளில் ஏறவிடாமல் தடுப்பதும் உழவரின் பங்கு.

சட்டத்தின் அடுத்த திருப்பம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. விளைச்சலைக் குறைத்து விலையைத் தூக்கி நிறுத்த இயற்றப்பட்ட 1933ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் அடித்தளத்தை, அது மாநிலங்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1936 ஜனவரி 6 அன்று தகர்த்தது. எட்டு வாரம் கழிவதற்குள், பிப்ரவரி 29 அன்று, புதிய சட்டம் வந்துவிட்டது. பருத்தி, மக்காச்சோளம், கோதுமை போன்றவை மண்ணை மெலியச் செய்யும் பயிர்கள். புல்லும் பயறு வகைகளும் மண்ணைத் தேற்றும் பயிர்கள். முன்னதிலிருந்து பின்னதற்கு மாறுவோருக்குப் பணம் உண்டு என்றது அது. மிகுதியாக விளைந்தவையும் மண்ணைக் கெடுப்பவையும் ஒரே பயிர்களாக அமைந்தது அரசுக்கு வாய்த்த நல்வாய்ப்பு! மண் காப்பு என்ற பெயரில் விலைக் காப்பும் நடந்தது. இந்த இரட்டை நோக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதை மறந்தால் பின்னால் வந்த பல முரண்கள் விளங்கா.

அவற்றுள் பெரியது சதுப்புநிலக் கதை. பண்ணைச் சதுப்புகளை வடித்து வயலாக்குவதும் பல பத்தாண்டுகள் 'பாதுகாப்புப் பணி' என்றே கணக்கிடப்பட்டு, அதற்கும் அரசு செலவில் பங்கு தந்தது. வாத்துகளும் நாரைகளும் குறைந்த பின்னர், 1985இல் சதுப்பை வடித்துப் பயிரிடுவோருக்கு உதவி நிறுத்தப்பட்டது. 1990இல் வடித்த சதுப்பை மீட்கவே தனித் திட்டம் பிறந்தது. வடிக்கவும் பணம், திரும்ப நிரப்பவும் பணம்.

கூன் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். 1949இல், அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்த நூலில், விஸ்கான்சின் உடன்படிக்கைகளைப் பற்றிக் கசப்போடு எழுதியிருக்கிறார். ஐந்தாண்டு முடிந்ததும், தங்களுக்கு உடனடியாகக் கண்ணில் தெரியும் ஆதாயம் தந்த முறைகளை மட்டுமே உழவர்கள் தொடர்ந்தார்கள், ஊருக்குப் பயன்பட்டவற்றைக் கைவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் கண்டது உண்மைதான். ஆனால் அவர் எடுத்த முடிவு முழு உண்மையல்ல என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஓடைப் படுகைகளில் சேரும் வண்டலைப் பல பத்தாண்டுகள் அளந்த புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள், 1930களோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு பங்காகக் குறைந்துவிட்டதை 1999இல் காட்டினார். உழவர் தமக்கென்று வைத்துக்கொண்ட முறைகள் ஓடைக்கும் உதவியிருக்கின்றன.

இன்று இந்த மரபின் முதன்மை வாரிசு, 1996ஆம் ஆண்டு வேளாண் சட்டம் உருவாக்கிய சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஈக்விப்' என்பார்கள். மேய்ச்சல் பண்ணைக்காரர் ஒருவர் ஓடைக்கரையை மாடுகள் மிதித்துச் சேறாக்குவதைத் தடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையோரம் கம்பிவேலி, மேட்டில் தண்ணீர்த் தொட்டி, அதற்குக் குழாய், பிறகு மேய்ச்சலைப் பகுதி பகுதியாக மாற்றும் திட்டம் என ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட தரநெறி உண்டு. வேலி 382, குழாய் 516, தொட்டி 614, முறைப்படுத்திய மேய்ச்சல் 528. செலவில் 75 விழுக்காடு வரை அரசு தரலாம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், வசதி குறைந்தவர், முன்னாள் படைவீரர் போன்றோருக்கு 90 வரை. ரசீதைப் பார்த்துப் பணம் தருவதில்லை. ஒரு அடி வேலிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்த விகிதப்படிதான். கம்பி விலை திடீரென ஏறினால் உழவரின் பங்கு தானாகவே பெருகிவிடும்.

பணமும் வேலை முடிந்து அலுவலர் பார்வையிட்ட பிறகே வரும். அதுவரை கையிலிருந்தோ கடனிலிருந்தோ போட வேண்டும். வசதி குறைந்தோர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கலாம் என்பது பிற்பாடு சேர்ந்த திருத்தம். கைப்பணம் உள்ளவருக்கே உதவி எட்டும் என்ற பழைய புகாரின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2002இல் நிதி பெருகியபோது, பெரிய கால்நடைத் தொழுவங்களின் சாணக் குட்டைகளுக்கும் இதே பணம் போக வழி பிறந்தது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஒருவருக்கு உச்சவரம்பு 4,50,000 டாலர். வரிசையில் நிற்கும் சிறு பண்ணைக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பாசனத்தில் வேறொரு சிக்கல். கான்சஸில் நீர்த்தெளிப்பான்களின் குழல்களைப் பயிரருகே தாழ்த்தித் தண்ணீரைச் சேமிக்க மானியம் தரப்பட்டது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றியவர்கள் முன்பைவிடக் கூடுதலாகவே நிலத்தடி நீரை இறைத்தார்கள் என்று காட்டியது. ஏக்கருக்கு மிச்சமான நீர், அதிக தாகமுள்ள பயிருக்கும் அதிகப் பரப்புக்கும் போயிற்று. கருவி தரநெறிப்படி பொருத்தப்பட்டதா என்று அலுவலர் பார்த்திருப்பார். நீர்மட்டம் அவர் படிவத்தில் இல்லை.

இத்தனைக்கும் நடுவே ஒரு விதி எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால் பொதுவாக உதவி கிடையாது. தானாகவே செய்யப்போகிறவருக்கு அரசுப் பணம் எதற்கு என்ற நியாயம் இதில் உண்டு. ஆனால் ஊரில் எவரும் சொல்லாமலே மூடுபயிர் விதைத்தவர் வெறுங்கையோடு நிற்க, மண்ணைக் கெடவிட்டுக் காத்திருந்தவருக்குக் காசோலை வருகிறது. ஏற்கெனவே நன்றாகப் பேணுவோருக்கும் ஊதியம் தர 2002இல் வேறொரு திட்டம் வகுக்கப்பட்டு, 2008இல் திருத்தப்பட்டு இன்றும் நடக்கிறது. நிதி ஒதுக்கும்போது முதலில் அதில்தான் கத்தரி விழுந்தது.