பாட்டும் அணிவகுப்பும் பள்ளிக்குள் வந்த வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

கல்வி என்றவுடன் மதிப்பெண் பட்டியலை மட்டுமே நினைக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். பத்தாம் வகுப்பு நெருங்கிவிட்டால் ஓவியத்திற்கும் இசைக்கும் உடற்கல்விக்கும் உரிய பாடவேளைகள் கணக்கிற்கும் அறிவியலுக்கும் போய்விடுகின்றன. தேசிய மாணவர் படையில் சேர்ந்த மகனைப் "படிப்பு கெட்டுவிடும்" என்று சொல்லி விலக்கிக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையேயும் உள்ளனர். வேறு சிலருக்கோ இவையெல்லாம் மார்க்கத்திற்கு ஒவ்வாதவையோ என்ற தயக்கம் இருக்கிறது. இப்பயிற்சிகள் நம் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளுக்குள் எவ்வாறு வந்தன, எவர் கொண்டுவந்தனர் என்பதை அறிந்தால் இவ்விரு தயக்கங்களும் குறையும் என்று நம்புகிறோம்.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு பெருநாள்

முதலில் மார்க்கத்தின் பக்கம் பார்ப்போம். பெருநாள் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். அங்கு வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் அதைக் கண்டித்தபோது, இது பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அபிசீனியர்கள் ஈட்டிகளுடனும் கேடயங்களுடனும் பள்ளிவாசலிலேயே வீர விளையாட்டு நிகழ்த்தியதையும், அன்னையார் மனநிறைவு அடையும்வரை அதைக் காண நபிகளார் துணை நின்றதையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. ஐயமுடையோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் இளையோரின் உற்சாகமும் உடற்பயிற்சியும் இஸ்லாத்திற்கு அந்நியமானவை அல்ல என்பதற்கு இந்நிகழ்ச்சிகளே போதிய சான்றாகும்.

வார்தாவில் இட்ட வித்து

1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு நடைபெற்றது. ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலையும் இணைக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே உருப்பெற்றது. அதற்குரிய பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழு தந்த திட்டத்தில் தாய்மொழி, கணிதம், சமூகவியல், பொது அறிவியல் ஆகியவற்றுக்கு இணையாக ஓவியமும் இசையும் இடம்பெற்றன. மிகுந்த நேரம் இருந்தால் கற்கலாம் என்று அவற்றை ஓரத்தில் ஒதுக்கவில்லை, பாடமாகவே வைத்தனர். அக்குழுவின் தலைவரே பின்னாளில், 1967ஆம் ஆண்டில், நம் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

நாடு விடுதலை பெற்றபின் முதல் கல்வி அமைச்சரான மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் மார்க்கக் கல்வியில் ஊறித் திளைத்த குடும்பத்தில் பிறந்தவர். திருக்குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய அறிஞர். அவரே இளமையில் சித்தார் பயின்றதை அகமத்நகர் கோட்டைச் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் குறிப்பிட்டுள்ளார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் சங்கீத நாடக அகாதமி 1953ஆம் ஆண்டு ஜனவரியிலும், சாகித்திய அகாதமியும் லலித் கலா அகாதமியும் 1954ஆம் ஆண்டிலும் தொடங்கி வைக்கப்பட்டன. நம் சமுதாயத்தின் இவ்விரு பெருமக்களும் கலையைக் கல்விக்கு எதிரியாகக் கருதவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவர் படையின் தோற்றம்

முதல் உலகப்போர்க் காலத்தில், 1917ஆம் ஆண்டில், பல்கலைக்கழகப் படை என்ற பெயரில் மாணவர்க்கு இராணுவப் பயிற்சி தொடங்கியது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாயிற்று. ஆனால் அது கல்லூரியோடு நின்றது. பள்ளி மாணவனை எட்டவில்லை. 1946ஆம் ஆண்டில் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழுவே பள்ளிகளையும் உள்ளடக்கிய நாடு தழுவிய படைக்குப் பரிந்துரைத்தது. அதன்படி 1948ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு ஜூலையில் தேசிய மாணவர் படை பிறந்தது. கல்லூரிகளுக்கு மூத்தோர் பிரிவும் பள்ளிகளுக்கு இளையோர் பிரிவும் அமைந்தன. 1949ஆம் ஆண்டில் மாணவியர்க்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது.

1952ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். உயர்நிலைக் கல்வியை ஏழு பிரிவுகளாக விரிக்க வேண்டும் என்று கூறிய அக்குழு, அவற்றுள் ஒன்றாக நுண்கலையை வைத்தது. தேசிய மாணவர் படையை மைய அரசே பொறுப்பேற்று வளர்க்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. கலையும் அணிவகுப்பும் இவ்வாறு ஒரே அறிக்கையில் கைகோத்து நின்றன.

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப்பின், 1963இல், கல்லூரிகளில் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. 1965, 1971 போர்க் காலங்களில் மாணவர் படையினர் பின்களப் பணிகளில் உதவினர். அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, வரைபடம் படித்தல், முதலுதவி, சமூகப் பணி ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. பள்ளியில் பயிற்சியை முடித்துத் தேர்வு பெறுவோர்க்கு 'ஏ' சான்றிதழும், கல்லூரியில் தொடர்வோர்க்கு 'பி', 'சி' சான்றிதழ்களும் உண்டு. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பதே அதன் குறிக்கோளுரை. முகாமில் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும் பிள்ளைக்குச் சமூக நல்லிணக்கம் பற்றித் தனியாகச் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

வெள்ளிமலையின் நிலை

இனி நம் மலைக்கு வருவோம். நாட்டுப் பள்ளிகளில் மாணவர் படை தொடங்கியது 1948இல். கல்வராயன் மலையில் ஜாகீர்தார் முறை முடிவுக்கு வந்ததோ 1976இல். இடையில் 28 ஆண்டுகள்! சமவெளிப் பிள்ளை அணிவகுத்த நாள்களில் மலைப் பிள்ளையின் குடும்பம் ஜாகீர் ஆளுகையின் கீழேயே இருந்தது. இன்று வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி உள்ளது; மலை ஊர்களில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளியளவில் பாடிய பிள்ளையை மாநில மேடை வரை கொண்டு செல்கிறது; மாநில அளவில் சிறப்போர்க்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டங்களும் உண்டு. வழி திறந்துவிட்டது. அவ்வழியில் நடக்கப் பிள்ளைகளுக்கு நேரமும் ஊக்கமும் தருவதே மீதமுள்ள வேலை.

இதில் நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தைச் சூழ்ந்த துயரை நாம் மறக்கவில்லை. நச்சுச் சாராயத்திற்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதன்பின் சென்னை உயர்நீதிமன்றமும் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மதுவைத் தீமைகளின் தாய் என்று போதிக்கும் சமுதாயம் நாம். தடுப்பது ஒரு பாதி. இளைஞனின் மாலைப் பொழுதை எதைக்கொண்டு நிரப்புவது என்பது மறு பாதி. காலையில் மைதானத்தில் நிற்க வேண்டும், நாளை மேடையில் பாட வேண்டும், முகாமில் தன் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுப்புள்ள பிள்ளை எளிதில் வழி தவறுவதில்லை. அவன் மலையில் பிறந்தவனாயினும் நம் மஹல்லாவில் பிறந்தவனாயினும் இதில் வேறுபாடு இல்லை.

ஆகவே பெற்றோர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். பிள்ளை மாணவர் படையிலோ கலைக் குழுவிலோ சேர விரும்பினால், மார்க்க வரம்பைப் பேணும்படி அறிவுறுத்தி அனுப்பிவையுங்கள். தேர்வைக் காரணம் காட்டிப் பாதியில் நிறுத்தாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஓவிய, இசை, உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளி நம் பகுதியில் இருக்குமானால், பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்கும் முதல் குரல் நம் ஜமாஅத்தாருடையதாக இருக்கட்டும். மலைப் பள்ளிகளுக்காகவும் அதே குரல் ஒலிக்கட்டும்.

நம் மக்களைக் கல்வியிலும் ஒழுக்கத்திலும் உடல்நலத்திலும் சிறந்தோங்கச் செய்து, அண்டை வீட்டாருக்குப் பயன்படுவோராக ஆக்கிவைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.