பல்கலைக் கழக வாயில் திறந்த வரலாறு

கல்வி யாவர்க்கும் பொது என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், பட்டம் வழங்கும் கழகங்கள் அவ்வுண்மையை ஏற்றது நெடிய போராட்டத்தின் பின்னரேயாம். இங்கிலாந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் என்னும் இரு பல்கலைக் கழகங்களே விளங்கின. ஒக்ஸ்போட்டிற் சேரும் மாணவன் அங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும். கேம்பிரிட்ஜில் எச்சமயத்தானும் கற்கலாம். பட்டம் பெறும்போதோ தான் அத்திருச்சபையைச் சார்ந்தவன் என உறுதி கூறல் வேண்டும். இதனாற் கத்தோலிக்கரும், திருச்சபையினின்றும் பிரிந்து நின்ற புரட்டஸ்தாந்தரும், யூதரும் பட்டமின்றி ஒதுக்கப்பட்டனர். யூதராகிய ஜேம்ஸ் யோசேப்பு சில்வெஸ்டர் 1837 இற் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்விலே இரண்டாமிடம் பெற்றார். எனினும், அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவரிடத்துக் குறையாயிருந்தது கல்வி அன்று என்பது வெளிப்படை.

இந்நிலையை மாற்றக் கருதியோர் 1826 இல் இலண்டன் மாநகரிலே சமயச் சோதனை இல்லாத கல்விக்கூடமொன்றை நிறுவினர். கடவுளை மறந்த கூடமெனப் பலர் அதனைப் பழித்தனர். 1836 இல் அரச பட்டயத்தால் இலண்டன் பல்கலைக் கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் கழகமாக அமைக்கப்பட்டது. முன்னைய கல்விக்கூடம் யூனிவர்சிட்டிக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1858 இற் புதிய பட்டயமொன்று மருத்துவம் நீங்கலான பட்டத் தேர்வுகளை, மாணவர் எங்குக் கற்றாரென வினவாது, எல்லார்க்கும் திறந்து விட்டது. வெளிவாரிப் பட்டத்தின் தோற்றம் இதுவேயாம்.

ஆயினும், 'எல்லார்' என்ற அச்சொல்லினுள் மகளிர் அடங்கவில்லை. 1862 இல் எலிசபெத் கரெட் என்னும் பெண்மணி புகுமுகத் தேர்வுக்குத் தோற்ற அனுமதி வேண்டினார். ஆட்சி மன்றத்து வாக்குகள் சமமாகப் பிரிந்தன. வேந்தரின் தீர்க்கும் வாக்கினால் வேண்டுகோள் தள்ளப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1878 இல், இலண்டன் பல்கலைக் கழகம் தன் பட்டங்கள் யாவற்றையும் மகளிர்க்கு அளிக்க இசைந்தது. 1880 இல் நால்வர் கலைப் பட்டம் பெற்றனர். அதே ஆண்டிற் சார்லட் ஸ்கொட் என்பார் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்விலே எட்டாம் இடத்துக்குரிய திறமை காட்டினார். பெண்ணென்னும் காரணத்தால் அங்குப் பட்டம் மறுக்கப்பட்ட அவர், இலண்டன் பட்டமே பெற்றுப் பின்னர்ப் பேராசிரியரானார்.

பழைய பல்கலைக் கழகங்களும் காலப்போக்கிற் பணிந்தன. இறையியற் பட்டங்கள் நீங்கலாக ஏனையவற்றிலே சமயச் சோதனை 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அடுத்த ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சில்வெஸ்டருக்குப் பட்டம் வழங்கியது. 1883 இல் ஒக்ஸ்போட் அவரைப் பேராசிரியராக ஏற்றது. எனினும், மகளிர் ஒக்ஸ்போட் பட்டம் பெற 1920 வரையும், கேம்பிரிட்ஜ் பட்டம் பெற 1948 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

இவ்வரலாறு ஈழத்தவர்க்கும் அயலானதன்று. 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக் கழகம் இலண்டன் முறையைத் தழுவியதே. அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. கொழும்பிலே 1921 இல் எழுந்த பல்கலைக் கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றும்வரை, தன் மாணவரை இலண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தஞ் செய்தது.

தடை நீங்கினாற் போதுமோ எனின், போதாது. கட்டணம் செலுத்த இயலாதவனுக்குத் திறந்த வாயிலும் அடைத்த வாயிலே. 1945 இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் பாலர் வகுப்பு முதற் பல்கலைக் கழகம் ஈறாக அத்தடையைக் களைய முற்பட்டது. எனினும், நல்லாசிரியரும் நூலகமும் ஆய்வுகூடமும் இல்லாத சிற்றூர்ப் பாடசாலை மாணவன், நகர மாணவனோடு ஒரே தேர்வை எழுதும்போது, தேர்வு பொதுவாயினும் ஆயத்தம் பொதுவாவதில்லை.

சட்டம் தடையை அகற்றும். வழியைச் சமன் செய்வது சமுதாயத்தின் கடன். 'எல்லார்க்கும்' எனும் சொல் எழுதப்படும் போதெல்லாம், அதனுள் அடங்காது நிற்போர் யாவரென வினவுதல் கற்றோர்க்கு இன்றியமையாத கடமையாகும். அவ்வினாவை எழுப்பாத பல்கலைக் கழகம், தன் வாயிலில் நிற்கும் சில்வெஸ்டரை அறியாமலே திருப்பி அனுப்பும்.