நடவுப் பெண்ணும் திருமுக்கூடல் தைலமும்

மதுரையைச் சுற்றியுள்ள வயல்களில் குனிந்து நாற்று நடுவோர்க்கு இடுப்பு வலி புதிதன்று. ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வதும் புதிதன்று. இவ்வைத்தியத்தின் பழைமையைத் தேடினால் பாலாற்றங்கரைத் திருமுக்கூடலுக்குச் சென்று சேர்கிறோம்.

அங்குள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலர்சாலையைப் பேசுகிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், பணிப்பெண்கள் ஆகியோர்க்கான ஊதியத்தோடு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் அது பட்டியலிடுகிறது. அவற்றுள் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் ஒன்றுண்டு. வாதத்திற்கு நாட்டு வைத்தியம் இன்றும் நாடுபவை இவ்விரண்டுமே.

ஆனால் அங்கே மருத்துவம் பெற்றோர் கல்லூரி மாணவரும் கோயில் பணியாளருமே. நாற்று நட்டவளைப் பற்றிக் கல்வெட்டு பேசவில்லை.

சிற்றூர்தோறும் அடிப்படை மருத்துவம் சென்றடைய வேண்டும் என 1946இல் போர் குழு பரிந்துரைத்தது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

சாதாரண இடுப்பு வலிக்கு நெடுநாள் படுக்கை வேண்டாம், இயன்றவரை நடமாடுவதே நன்று என்கிறது இன்றைய மருத்துவம். இச்சொல்லை நடவுப் பெண்ணிடம் சேர்க்கத்தான் நமக்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.