பொலாரி: அச்சத்தில் பிறந்த ஒரு குழூஉக்குறி

தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்துக் காட்டினார் நன்னூலார். நேரே சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு அமைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பள்ளியில் நாம் உருப்போட்ட எடுத்துக்காட்டுகள். மூன்றையும் மதிப்பெண்ணுக்காக ஒப்புவித்தோமேயன்றி, ஒரு கூட்டத்தார்க்கு ஊரார் அறியாத சொல் ஏன் வேண்டியிருந்தது என்று அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

தொழிலின் மறைபொருளைக் காப்பதற்காகப் பிறந்த குறிகள் பல. உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சிப் பிறந்தவையும் உண்டு. அத்தகைய ஒன்று ஆங்கில நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செழித்து, அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பொலாரி என்பது அதன் பெயர். தன்பால் ஈர்ப்புடைய ஆடவர் தமக்குள் பேசிக்கொண்டது அது. விழா மலருக்கு இப்பொருள் ஏற்றதா என்று முகம் சுளிப்பாரும் இருக்கலாம். சொல்லின் வரலாறு எங்கு சென்றாலும் அதன்பின் செல்வதே மொழியன்பர் கடன் என்பது நம் எண்ணம்.

பொலாரியைத் தனிமொழி என்பது மிகை. வாக்கிய அமைப்பு ஆங்கிலம்; பெயரும் பண்பும் வினையும் சில நூறு, பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. பெயரே 'பேசு' என்னும் பொருள்கொண்ட இத்தாலியச் சொல்லின் திரிபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சந்தைகளிலும் கடற்கரைகளிலும் பொம்மலாட்டமும் கழைக்கூத்தும் நடத்திய நாடோடிக் கலைஞர்கள் இத்தாலியம் கலந்த ஒரு கொச்சையைப் பேசினர். இலண்டன் ஏழைமக்களின் வாழ்வை 1850-களில் நேரில் கேட்டெழுதிய ஹென்றி மேஹ்யூ, பொம்மலாட்டக்காரர் ஒருவர் வாயிலாக அதைப் பதிந்து வைத்துள்ளார். அக்கொச்சை நாடகக் கொட்டகைக்குள் புகுந்தது. மத்தியதரைக் கடல் மாலுமிகளின் கலப்புமொழி, நாடோடிகளான ரோமாக்களின் மொழி, யூதர்களின் இத்திஷ், கிழக்கு இலண்டன் கூலிகளின் எதுகைப் பேச்சு ஆகியவை மேலும் வந்து சேர்ந்தன. ரோமாக்களின் மொழி வட இந்திய மொழிகளுக்கு உறவு என்பதை அறிந்தோர்க்கு, இந்த ஆற்றில் நம் நாட்டுத் துளி ஒன்றும் கலந்திருப்பது புலப்படும்.

'போனா' என்றால் நல்லது. 'நான்டி' என்றால் இல்லை, கூடாது. 'ஓமி' ஆண், 'பலோனி' பெண். இரண்டையும் சேர்த்து 'ஓமி-பலோனி' என்றால் தன்பால் ஈர்ப்புடையவன். தலைமயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் 'ரியா'. முகத்தைக் குறிக்கும் சொல்லையும் அவ்வாறே திருப்பிப் பாதியில் வெட்டினால் 'ஈக்'. 'பார்' என்பதற்கு அவர்கள் சொல் 'வாடா'. தமிழ்க்காதுக்கு இது தரும் வேடிக்கையை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். காவலர்க்குப் பெயர் 'லில்லி'.

இக்கடைசிச் சொல்லில்தான் கதையின் முள் இருக்கிறது. ஆண்கள் தமக்குள் கூடுவதை 1533-இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1726 பெப்ரவரியில் இலண்டனில் மார்கரெட் கிளாப் என்பவள் நடத்திய விடுதியில் காவலர் புகுந்து ஏறத்தாழ 40 பேரைப் பிடித்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் மூவர் தூக்கிலிடப்பட்டனர். உளவு சொன்னவர்கள் நீதிமன்றத்தில் அளித்த சாட்சியத்தில், அங்கிருந்தோர் பெண்குரலில் பேசினர் என்பதும் ஒன்று. ஆக, குரலே சாட்சியாகும் வழக்கம் முந்நூறு ஆண்டுகள் பழையது. இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1835-இல். 1861-இல் தூக்கு நீங்கிச் சிறை வந்தது. 1885-இல் சேர்த்த ஒரு பிரிவு, ஆடவர்க்கிடையே நிகழும் எவ்வகை 'இழிசெயலுக்கும்' இரண்டாண்டு வரை சிறை என்றது. ஆஸ்கார் ஒயில்டு 1895-இல் சிறை சென்றது இப்பிரிவின் கீழ். கணிதமேதை ஆலன் டூரிங் 1952-இல் தண்டிக்கப்பட்டதும் இதன் கீழ்தான். அதே ஆட்சியினர் நமக்கு அளித்துச் சென்ற 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை நாம் 2018 வரை தூக்கிச் சுமந்தோம் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

இந்தச் சூழலில் பொலாரி இருவகையில் உதவிற்று. ஒன்று, மறைத்தல். உணவுக்கடையிலோ பேருந்திலோ பக்கத்தில் இருப்பவர் அறியாமல் ஒருவனைப் பற்றிப் பேசலாம். 'அவன்' என்னுமிடத்தில் 'அவள்' என்று சொல்லும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. கேட்பவர் ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சென்றே கொள்வர். மற்றொன்று, அடையாளம் காணுதல். புதியவரிடம் பேசும்போது 'போனா' என்னும் ஒரு சொல்லைப் போகிற போக்கில் நழுவவிட வேண்டியது. அவர் பதில்குறி கொடுத்தால் நண்பர். விழித்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாடகத் துறையிலும், பயணக் கப்பல்களில் பணியாற்றிய பரிமாறுவோரிடையேயும் இது பெருவழக்காயிற்று. நிலத்தைக் காட்டிலும் கப்பலில் இவர்கள் கூடுதல் விடுதலையோடு வாழ்ந்தனர் என்பது அவர்களே பிற்காலத்தில் சொன்னது.

அச்சம் முற்றிய 1954-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. ரெடிங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜான் உல்ஃபெண்டன் தலைவர். தன்பால் ஈர்ப்புடையோர் பற்றியும் விலைமகளிர் பற்றியும் சட்டம் என்ன செய்வது என்று ஆராய்வது பணி. அலுவலகத்துப் பெண்களின் செவிக்குக் கூச்சமாகுமே என்று, குழுவினர் தம் பேச்சிலும் குறிப்புகளிலும் முன்னவரை 'ஹன்ட்லி' என்றும் பின்னவரைப் 'பாமர்' என்றும் குறித்தனர். ஹன்ட்லி அண்டு பாமர் என்பது அதே ரெடிங் நகரத்துப் பெயர்பெற்ற பிஸ்கட் நிறுவனம். கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருசேரத் தருகிறது. வேட்டையாடப்பட்டவர்கள் குழூஉக்குறியில் பேசினர். அவர்கள் விதியை எழுத அமர்ந்தவர்கள் இடக்கரடக்கலில் பேசினர். உள்ள பெயரைச் சொல்லும் துணிவு இருதரத்தார்க்கும் இல்லை. எனினும் அக்குழுவின் தீர்ப்பு நேர்மையானது. 21 வயது நிரம்பிய இருவர் மனமொப்பித் தனிமையில் செய்வது குற்றமாகாது என்று 1957 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அது சட்டமாக மேலும் பத்தாண்டுகள் ஆயின.

அதற்குள் ஒரு வியப்பு நிகழ்ந்தது. 1965-இல் பி.பி.சி. வானொலியில் 'ரவுண்ட் தி ஹார்ன்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், குடும்பத்தோடு உணவருந்தும் வேளை. பேரி டூக், மார்ட்டி ஃபெல்ட்மன் என்போர் அதை எழுதினர். அதில் ஜூலியன், சாண்டி என்று இருவர், கென்னத் வில்லியம்ஸ், ஹியூ பாடிக் ஆகியோரின் குரலில் தோன்றினர். வாரந்தோறும் புதுத்தொழில் தொடங்குவர். கடைப்பெயரில் 'போனா' இருக்கும். வழக்கறிஞர்களாக வந்த வாரத்தில், தம் பொழுதெல்லாம் குற்றவியல் தொழிலிலேயே கழிகிறது என்று இருபொருள்படச் சொன்னார்கள். கேட்டவர் பலர் ஒருபொருளைக் கேட்டுச் சிரித்தனர்; சிலர் மற்றொரு பொருளைக் கேட்டு, சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்திருப்பர். சட்டம் திருந்தியது 1967 ஜூலை 27-இல்தான். அதுவரை ஈராண்டுக் காலம், நாட்டின் வானொலியே குற்றவாளிகளின் குறிமொழியைக் கூடங்களில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்நிகழ்ச்சி நன்மை செய்ததா, தீமை செய்ததா? இரண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. அதுவரை மேடைகளில் இத்தகையோர் இரக்கத்துக்குரியவராகவோ கொடியவராகவோ வந்தனர். ஜூலியனும் சாண்டியும் மகிழ்ச்சியானவர்கள், எப்போதும் வெல்பவர்கள். ஆனால் அந்த இழுவையும் ஏற்றமும் கொண்ட குரலே 'அவர்கள் குரல்' என்று நாடு முழுதும் பதிந்துபோயிற்று. ஊரறிந்த பின் குழூஉக்குறி ஏது? சட்டத்தின் அச்சமும் குறைந்தது. 1970-இல் இலண்டனில் எழுந்த விடுதலை இயக்கத்து இளைஞர்கள், பெண்போல் பேசும் இப்பேச்சை அடிமைக்காலத்துக் கோமாளித்தனம் என்று ஒதுக்கினர். ஒளித்துப் பேசுவது இழிவு, வெளிப்படச் சொல்வதே பெருமை என்பது அவர்கள் கொள்கை. இருதலைமுறைக்குள் பேசுவோர் அருகினர். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து மொழியறிஞர் பால் பேக்கர், எஞ்சிய முதியோரைத் தேடிச் சென்று தொகுத்து 2002-இல் நூலாக்கினார்.

சொற்கள் போயின, குரலைப் பற்றிய எண்ணம் போகவில்லை. அதுவும் தொன்றுதொட்டு வந்ததன்று. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில நாடகங்களில் குழைந்து பேசும் அலங்காரப் பிரியன் பெண்களைத் துரத்துபவனாகவே வருவான். ஒயில்டு வழக்கிற்குப் பின்னரே அந்நடையும் இந்நாட்டமும் ஒன்றெனக் கருதப்பட்டன என்று ஆலன் சின்ஃபீல்டு 1994-இல் எழுதினார். ஒலியியலாரும் குரலை அளந்து பார்த்தனர். குரல் மேலும் கீழும் கூடுதலாக ஏறி இறங்கும் என்னும் பொதுநம்பிக்கையை 1994-இல் ருடால்ஃப் காடியோ அமெரிக்காவில் சோதித்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகவே ஊகித்தனர். ஆனால் அளவுகளில் அதற்கான ஏற்ற இறக்க வேறுபாடு கிட்டவில்லை. 'மழலை பேசுவர்' என்பதும் பிழை. சிலரிடம் 'ஸ்' ஒலி குழறுவதற்கு மாறாகக் கூர்மையாகவும் நீண்டும் ஒலிக்கிறது. கனடாவில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொன்றும் சொன்னது. கேட்போர் 'இவர் அத்தகையவர்' என்று குறித்த குரல்களுள் பெண்களை நாடும் ஆடவர் குரலும் உண்டு. அத்தகையோர் பலரின் குரலிலோ எவரும் எதையும் கேட்கவில்லை.

இதைப் படித்தபோது நம் மன்றத்தில் நிகழ்ந்த ஒன்று நினைவில் தைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழா நாடகத்தில் அப்படியொரு பாத்திரம். இழுத்துப் பேசி, கையை மடக்கி ஆட்டிக் காட்டியவருக்கு அரங்கம் அதிரக் கைதட்டல். தட்டியவருள் நாமும் ஒருவர். திங்கள்தோறும் நம் கூட்டத்துக்கு வந்து சங்கப் பாடல்களை இசையோடு சொல்லும் இளைஞர் ஒருவர் அன்று மூன்றாம் வரிசையில் இருந்தார். மெல்லிய, நீண்டொலிக்கும் குரல் அவருக்கு. அவர் நாட்டம் எதுவென்று நாம் அறியோம்; அறிய நமக்கு உரிமையுமில்லை. நாடகத்தில் ஒலித்தது ஏறத்தாழ அவர் குரல்தான் என்பது இடைவேளையில் எவரோ அவரைக் காட்டிச் சொன்னபோதே நமக்கு உறைத்தது. அப்போதும் நாம் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்து, பாடாமல், சிற்றுண்டிக்கு முன்னரே எழுந்து சென்றார். வருகைப் பதிவேட்டில் அவர் கையொப்பம் அந்தப் பெப்ரவரியோடு நின்றிருக்கிறது.