ஒரு வேட்பாளர், எத்தனை சின்னம்?

2021 தேர்தலில் திமுக கூட்டணியின் விசிக வேட்பாளர்கள், மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூரிலும் செய்யூரிலும் சொந்தப் பானைச் சின்னத்தில் வென்றனர். அமெரிக்காவின் நியூயார்க்கில் ஒரே வேட்பாளரைப் பல கட்சிகள் தத்தம் வரிசையில் நிறுத்தலாம்; வாக்குகளைக் கட்சிவாரியாக எண்ணிக் கூட்டுவார்கள். சிறிய கட்சியின் பலமும் தெரிந்துவிடும். நம் நாட்டில் வேட்பாளருக்கு ஒரே சின்னம்தான்.

அதே தேர்தலில் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லாஹ் பாபநாசத்திலும், அப்துல் சமது மணப்பாறையிலும் உதயசூரியனில் வென்றனர். ஏணியில் நின்ற முஸ்லிம் லீக் மூன்று தொகுதிகளிலும் தோற்றது. பெரிய சின்னம் கைகொடுக்கிறது என்றே நாமும் நினைப்போம். ஆனால் விலை சிறியதல்ல: உதயசூரியனில் வென்றவர் அவைக் கணக்கில் திமுக உறுப்பினர். அக்கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அவர் வாங்கிய வாக்குகளும் திமுக கணக்கில்தான் சேரும்.