78 சூறாவளி: கூரையில்லாத பள்ளியில் ஒரு ஜும்ஆ



நவம்பர் 23 வந்தால் எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருமுறையாவது வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இளசுகளுக்கு அது விளங்குவதில்லை. அவர்களுக்கு அனர்த்தம் என்றால் 2004 டிசம்பர் 26தான். போன கிழமை தரம் 10 வகுப்பில், "சுனாமிக்கு முதல் நம்ம மாவட்டத்தில நடந்த பெரிய அழிவு என்ன?" என்று கேட்டோம். ஒரு பிள்ளை "கொரோனா சேர்" என்றது. சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் பிழை பிள்ளையில் இல்லை. நாங்கள் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. வங்கக் கடலில் சில நாட்களாகச் சுழன்றுகொண்டிருந்த சூறாவளி அன்று மட்டக்களப்புக் கரையில் ஏறியது. மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை என்று நாட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போய், மறுநாள் இராமநாதபுரக் கரையில் இறங்கியது. 1964இல் பாம்பன் ரயிலைக் கடலில் தள்ளித் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும் நம் நாட்டைக் கடந்துதான் போனது. ஆனால் அது திருகோணமலை, மன்னார்ப் பக்கம். 78இல் முறை நம்முடையது. 900 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை லட்சம் வீடுகள் சேதம், பத்து லட்சம் பேர் பாதிப்பு என்று பதிவுகள் சொல்கின்றன. 240 பாடசாலைக் கட்டடங்கள், மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொரு பங்கு, 11 நெற்களஞ்சியங்களில் 9.

நாங்கள் அப்போது இரண்டாம் வகுப்பு. பின்னேரம் தொட்டே காற்று வடக்கிலிருந்து அடித்தது. இரவானதும் கிடுகு வேலி போனது, பிறகு குசினிக் கூரை. உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, ஓதிக்கொண்டே இருந்தா. பிறகு சடாரென்று எல்லாம் நின்றது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே இறங்கியவர்கள் பலர். மாட்டை அவிழ்க்கப் போனவர்களும், விழுந்த தகரத்தைப் பொறுக்கப் போனவர்களும் உண்டு.

அது சூறாவளியின் கண். நமது பக்கத்துச் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றும். அது கிழக்கிலிருந்து வரும்போது அதன் பாதையில் இருப்பவனுக்கு முதல் காற்று வடக்கிலிருந்து வரும். கண் கடந்தபின் காற்று தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். வடக்குக் காற்றில் ஆட்டம் கண்டு நின்ற சுவர்களையும் தென்னைகளையும் அந்தத் தெற்குக் காற்றுத்தான் சாய்த்தது. "போன காற்று திரும்பி வந்துட்டு" என்றுதான் எங்கள் மூத்தம்மா கடைசிவரைக்கும் சொன்னா. பூகோளப் பாடத்தில் நாங்கள் பின்னால் படித்ததை அவ ஒரு வரியில் சொல்லிவிட்டா.

விடிந்தது வெள்ளிக்கிழமை. பள்ளியின் ஓடு முழுவதும் நிலத்தில். பாங்கு சொல்ல மின்சாரம் இல்லை, முஅத்தின் வெறுங்குரலில் சொன்னார். பாய்களெல்லாம் நனைந்து கிடந்ததால் ஆட்கள் சாரத்தை மடித்துக்கொண்டு ஈரச் சீமெந்துத் தரையில் நின்றார்கள். ஜும்ஆவுக்கு முன்னும் பின்னும் ஜனாஸாத் தொழுகை. வாப்பாவின் தோளில் இருந்து பார்த்தபோது மிம்பருக்கு மேலே நேராக வானம் தெரிந்தது ஞாபகம் இருக்கிறது.

வீதியெல்லாம் மரம். லொறி வரப் பல நாட்கள் பிடித்தது. இந்த இடைவெளியில் சனம் எதைச் சாப்பிட்டது என்பதுதான் எழுதி வைக்கப்பட வேண்டியது.

பள்ளியின் நோன்புக் கஞ்சிக் கிடாரத்தை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு வீடும் ஈரமாகக் கிடந்த அரிசியைக் கொண்டுவந்து கொட்டியது. தேங்காய்க்குக் குறைவே இல்லை, காலடியெல்லாம் தேங்காய். அந்தக் கிழமை குடித்த மாதிரித் தடிப்பான பால்கஞ்சி பெருநாளிலும் நாங்கள் குடித்ததில்லை.

அரிசி நாலு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் படுவான்கரையிலிருந்து ஒரு தோணி வாவியைக் கடந்து வந்தது. எங்கள் மூத்தவாப்பாவின் வயலைச் செய்த தமிழ் வயற்காரர் தன் மகனோடு வந்திருந்தார். தோணியில் நெல் மூட்டைகள். அவருடைய வீடும் விழுந்துதான் இருந்தது. "பட்டறை நிண்டுட்டு போடியார், அதான் கொண்டாந்தன்" என்றாராம். இதன் பெறுமதி வேளாண்மை தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். நவம்பரில் மாரிப்போகம் விதைத்த கையோடு இருப்பார்கள். பட்டறையில் மிச்சம் இருப்பது தை, மாசி அறுவடை வரைக்கும் குடும்பம் சாப்பிட வேண்டிய நெல். விதைத்ததும் வெள்ளத்தில் போயிருந்தது. அப்படியிருக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்.

மில் ஓட மின்சாரம் இல்லை. உரலும் உலக்கையும் மறுபடி வெளியே வந்தன. எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டுக் குத்தினார்கள். திரும்பிப் போன தோணியில் மூத்தவாப்பா தேங்காயும், கைத்தறிச் சாரம் நாலும் ஏற்றிவிட்டார். ஆனால் எங்கள் வீட்டுக் கதையில் நெல் மட்டும்தான் எப்போதும் சொல்லப்பட்டது. சாரத்தை ஞாபகம் வைத்திருந்தது அந்தக் குடும்பம். அது பிறகு.

தென்னையைப் பற்றிக் கொஞ்சம். மாவட்டத்தில் இருந்த 28,000 ஏக்கர் தென்னந்தோட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு போனது. முதல் மாதம் தேங்காய் மலிவு, ஓலை மலிவு, தென்னங்குற்றி வாவிக்கரையெல்லாம் கிடந்தது. பிறகுதான் வலி தெரிந்தது. கிடுகு பின்ன ஓலை இல்லை. கயிறு திரித்தவர்களுக்குத் தும்பு இல்லை. நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருசமாகும். பாதித் தேங்காயில் இரண்டு நேரம் கறி ஆக்கும் பழக்கம் எங்கள் உம்மாவுக்கு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. இன்று நம் ஊரில் ஓலை வீடு இல்லாததற்கு வெளிநாட்டுக் காசு மட்டும் காரணமில்லை. ஓலையே இல்லாமல் போனதால் சனம் தகரத்துக்கு மாறியது.

தகரம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று வீட்டில் யோசித்தோம். நிவாரணத்துக்குப் பட்டியல் எழுதினார்கள். முழுச் சேதம், பாதிச் சேதம் என்று இரண்டு வகை. எங்களுடையது கல்வீடு. குசினியும் ஒரு பக்கக் கூரையும்தான் போனது. பட்டியலில் முழுச் சேதம் என்று விழுந்தது, ஏனென்றால் எழுதியவர்களோடு எங்கள் வாப்பாவும் இருந்தார். 22 தகரம் கிடைத்தது. இரண்டு வளவு தள்ளித் தறி நெய்து பிள்ளை வளர்த்த ஒரு விதவைத் தாய்க்குத் தறியும் போய் வீடும் போயிருந்தது. பட்டியல் எழுதிய அன்று அவ தாய் வீட்டில் ஒதுங்கியிருந்தா. பெயர் விழவில்லை. வாப்பா மௌத்தாகும்வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உம்மாதான் பிறகு சொன்னா, "அந்தத் தகரத்துக்குக் கீழ மழை பெய்யக்குள்ள எனக்கு நித்திரை வராது மகன்" என்று. அந்தப் பிள்ளைகளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். அவர்களுக்கு எங்களைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. சுனாமி நேரம் முகாமில் பட்டியல் எழுத எங்களைக் கேட்டபோது, இரண்டு முறை வீடு வீடாகப் போய்ப் பார்த்தபிறகுதான் எழுதினோம்.

படுவான்கரைக்கு வருகிறோம். அந்தத் தோணி வந்து 12 வருசத்தில் 1990 வந்தது. ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிகளில் நடந்ததை நாம் வருசாவருசம் நினைவுகூருகிறோம், கூரத்தான் வேண்டும். அதே மாதங்களில் இந்த மாவட்டத்தில் தமிழ்ச் சனங்களும் கொல்லப்பட்டார்கள், காணாமலாக்கப்பட்டார்கள். வாவியைக் கடக்க இரு பக்கமும் பயம். வயல் கைவிட்டுப் போனது. தோணிக் கதையைச் சொல்வதை மூத்தவாப்பா நிறுத்திக்கொண்டார். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்காமலே வளர்ந்து இப்போது வாப்பா, உம்மாவாக இருக்கிறார்கள்.

2002இல் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தபின் வாப்பாவோடு மோட்டார் சைக்கிளில் போனோம். வயற்காரர் இறந்திருந்தார். அன்று தோணி வலித்த மகனும் இல்லை. எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த அம்மா கண் தெரியாமல் திண்ணையில் இருந்தா. வாப்பா பேரைச் சொன்னதும் குரலைப் பிடித்துக்கொண்டா. "உங்கட ஊட்டுச் சாரம் ரெண்டு நல்லா உழைச்சிச்சி தம்பி. தென்ன திரும்பக் காய்க்கிதா?" என்றா. வாப்பாவுக்குப் பதில் வரவில்லை. நாங்கள்தான் "காய்க்குது" என்றோம்.

2028இல் இந்தச் சூறாவளிக்கு 50 வருசம். அதற்குள் பிள்ளைகளைக்கொண்டு ஊர் ஊராக எழுதி எடுக்க ஆசை. எங்கள் பாடசாலையில் தொடங்கிவிட்டோம், இதுவரை பதினான்கு பேரிடம் கேட்டாகிவிட்டது. உங்கள் மூத்தம்மா, மூத்தவாப்பா இருந்தால் இந்த மாதத்திலேயே பக்கத்தில் இருந்து கேளுங்கள். பள்ளிக் கணக்குக் கொப்பி, சங்கக்கடைப் பதிவு, நிவாரணப் பட்டியல் ஏதாவது பெட்டிக்குள் கிடந்தால் தாருங்கள், படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். கறையான் தின்றதென்றாலும் பரவாயில்லை. படுவான்கரைப் பாடசாலை ஆசிரியர்கள் இரண்டு பேரோடும் பேசியிருக்கிறோம், அங்கேயும் எழுதுகிறார்கள்.