ஆரணி ரோடு ஸ்டேஷன் ஆரணியில் இல்லையா? ரயில் வசதி என்ன?

பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஆரணிக்கு ரயிலில் வர்றீங்களா? ஒரு நிமிஷம்! ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷன் ஆரணியில் இல்லை. சுமார் 10 கி.மீ. தள்ளி, களம்பூரில் இருக்கிறது.

ஏன் இப்படி?

1891-ல் வந்த விழுப்புரம் - காட்பாடி பாதை போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போனது. ஆரணி ஊருக்குள் வரவில்லை. ஊருக்குப் போகும் சாலை பிரியும் இடம் என்பதால்தான் பெயரில் ‘ரோடு’. மீட்டர் கேஜாக இருந்த பாதை, 2010-ல் அகலப்பாதையானது.

என்ன ரயில் நிற்கும்?

விழுப்புரம் - காட்பாடி பாசஞ்சர் ரயில்கள் நிற்கும். சென்னை பீச் - வேலூர் ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டதால், சென்னைக்கு நேரடியாகவும் போகலாம். மாலையில் சென்னையில் கிளம்பும் ரயில், அதிகாலையில் திருவண்ணாமலையிலிருந்து திரும்பும். ஸ்டேஷனில் இறங்கியதும் ஆரணிக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கணும்.

ஊருக்குள் ரயில் எப்போ?

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாகச் செல்லும் திண்டிவனம் - நகரி புதிய பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அது முடிந்தால்தான் நெசவாளர்களும் வியாபாரிகளும் சேலை மூட்டையோடு சொந்த ஊரிலேயே ரயில் ஏற முடியும்.